உள்ளுக்குள்ள நல்லவன்க்கா: இருண்ட நாயகனை எழுதுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அந்தந்த வாரம் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசிக்கும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, வாசித்து முடித்த பிறகு யாரும் அழக் கூடாது. இவ்வளவுதான் விதி. மாரத்தஹள்ளியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஒரு பெண் போன ஜூனில் தன் தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். நாயகனுக்கு ஆறடி உயரம், கறுப்புச் சட்டை, ஒழுங்காக ட்ரிம் செய்த தாடி, ஒயிட்ஃபீல்டில் சொந்தக் கம்பெனி. நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, "என்னைக் கேக்காம நீ மூச்சுகூட விடக் கூடாது" என்கிறான். அத்தோடு தொடரும்.

"இவன் ஏம்மா இப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"ஏழு வயசுல அவங்கம்மா விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா."

"சரி, அதுக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"உள்ளுக்குள்ள நல்லவன்க்கா."

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ரொமான்டிக் காலத்துப் பேப்பர் வருடா வருடம் என் தலையில்தான் விழும். ஆகவே இந்தப் பதிலை 22 வருடமாகக் கேட்டு வருகிறேன், ஆள்தான் மாறுவான். மான்ஃப்ரெட் உள்ளுக்குள்ள நல்லவன் மேம், ஹீத்கிளிஃப் உள்ளுக்குள்ள நல்லவன் மேம். எனக்கு இந்த ஆள்மேல் கோபம் ஒன்றுமில்லை, பதினேழு வயதில் நானும் அவனிடம் விழுந்தவள்தான். என் குறை வேறு. அவன் சட்டையை மட்டும் உருவிக்கொண்டு ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஆளையும் சேர்த்துக் கூட்டிவருவது எப்படி என்று அந்தப் பெண்ணுக்கு நாலைந்து ஞாயிறுகளில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் ஊர் பேர் தெரிந்திருக்க வேண்டும். பைரனிய நாயகன் என்று பெயர். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு 1812இல் 'சைல்ட் ஹெரால்ட்' என்ற நெடுங்கவிதையின் முதல் இரண்டு காண்டங்களை வெளியிட்டார். எதிலும் மனம் ஒட்டாமல் நாடு நாடாகத் திரியும் ஒரு சலித்த இளைஞன் அதில் வருகிறான். 1813இல் 'ஜவுர்', 1814இல் 'கார்சேர்', 1817இல் 'மான்ஃப்ரெட்' என்று அதே ஆள் வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்தான். 'கார்சேர்' வெளிவந்த அன்றே 10,000 பிரதிகள் விற்றது. கவிதைப் புத்தகம், நினைவில் வையுங்கள். அவனுக்கு மூதாதையர் உண்டு: மில்டன் 1667இல் படைத்த சாத்தான், ஷில்லர் 1781இல் எழுதிய 'கொள்ளைக்காரர்கள்' நாடகத்தில் வீட்டைத் துறந்து காட்டுக்குப் போன கார்ல் மோர். வம்சாவளி இவ்வளவு போதும்.

அவனுடைய அங்க அடையாளத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்தவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். 1835 கல்விக் குறிப்புக்காக இன்றும் திட்டு வாங்குகிறாரே, அதே மெக்காலே. கப்பலில் சென்னை வந்து இறங்குவதற்கு மூன்று வருடம் முன்பு, 1831இல், பைரனின் வாழ்க்கை வரலாற்றுக்கு எழுதிய மதிப்புரையில் சொல்கிறார்: கர்வம் பிடித்தவன், சிடுமூஞ்சி, எதையும் நம்பாதவன், நெற்றியில் எதிர்ப்பு, நெஞ்சில் துயரம், சக மனிதரை இளக்காரமாகப் பார்ப்பவன், பழிவாங்குவதில் தணியாதவன், ஆனால் ஆழமாக நேசிக்கத் தெரிந்தவன். அதே கட்டுரையில் சிரிக்கவும் சிரிக்கிறார். அந்தக் காலத்து இளைஞர்கள் கண்ணாடிமுன் நின்று மேலுதட்டைச் சுழிக்கவும் புருவத்தை நெரிக்கவும் பழகினார்களாம், சிலர் பைரனைப் பார்த்துக் கழுத்துத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டார்களாம். பைரனைப் படித்து அவர்கள் இரண்டு கட்டளைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார்: அடுத்தவனை வெறு, அடுத்தவன் பெண்டாட்டியை நேசி. கறுப்புச் சட்டையும் தாடியும் நேற்று வந்த வியாதி இல்லை.

காயத்தை எடுத்துவிட்டுக் குற்றத்தைக் கொடுங்கள்

நம் தொடர்கதை நாயகர்கள் எல்லோருக்கும் சின்ன வயதில் யாரோ ஏதோ செய்துவிட்டார்கள். அம்மா ஓடிப்போனாள், சித்தப்பா சொத்தைப் பிடுங்கினார், காலேஜில் ஒருத்தி ஏமாற்றினாள். இது ஒரு ரேஷன் கார்டு மாதிரி. நீட்டினால் போதும், அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் தள்ளுபடி கிடைத்துவிடும். பைரனின் ஆட்களிடம் இந்தக் கார்டைத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. பிறர் தனக்குச் செய்ததை அவன் எப்போதோ மறந்துவிட்டான். தான் பிறருக்குச் செய்ததுதான் அவனை அரிக்கிறது.

மான்ஃப்ரெட் ஆல்ப்ஸ் மலைக் கோட்டையில் நடுராத்திரியில் ஏழு ஆவிகளை வரவழைக்கிறான். என்ன வேண்டும் என்று அவை கேட்கின்றன. மறதி வேண்டும் என்கிறான். அரசு தருகிறோம், பலம் தருகிறோம், நீண்ட ஆயுள் தருகிறோம், மறதி மட்டும் எங்களிடம் இல்லை என்கின்றன. அஸ்டார்ட்டி என்ற பெண்ணை நேசித்தான், அழித்தான். கையால் கொல்லவில்லை, என் நெஞ்சுதான் அவள் நெஞ்சை உடைத்தது என்கிறான். அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு, என்ன நடந்தது என்று பைரன் கடைசிவரை உடைத்துச் சொல்வதில்லை. சாகும் நேரத்தில் ஒரு மடாதிபதி வந்து பாவமன்னிப்புக்கு வழி காட்டுகிறார். வேண்டாம் என்கிறான். கூட்டிப்போக வந்த ஆவிகளையும் போகச் சொல்கிறான். என்னை அழித்தவன் நானே, இனியும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது அவன் வாதம். அவன் திமிர் இங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு, தண்டனை இரண்டையும் இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டான். ஒரு பெண்ணைச் சுவரில் சாய்க்க அவ்வளவு திமிர் தேவையில்லை, தோள் வலு போதும்.

'ஜவுர்' இன்னும் பயங்கரம். லைலா ஹசனின் அந்தப்புரத்துப் பெண். வேறொருவனைக் காதலித்தாள் என்று ஹசன் அவளைக் கடலில் மூழ்கடிக்கிறான். காதலன் ஹசனைக் கொன்று பழிதீர்த்துவிட்டு ஒரு மடத்தில் போய் அடைந்துகொள்கிறான். சாகக் கிடக்கும்போது துறவியிடம் சொல்கிறான்: அவள் எனக்குத் துரோகம் செய்திருந்தால் நானும் ஹசன் செய்ததைத்தான் செய்திருப்பேன். வருடா வருடம் வகுப்பில் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். பழிவாங்கிய நாயகனே வில்லனைப் பார்த்து நீயும் நானும் ஒரே அச்சு என்கிறான். நம் கதையில் எந்த நாயகனாவது இதைச் சொல்லியிருக்கிறானா?

இந்தக் கட்டத்தில் யாராவது இராவணனைக் கூட்டிவருவார்கள். எங்கள் மாடியில் கூட்டிவந்தவர் ஜாலஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெரியவர், கம்பனை மனப்பாடமாகச் சொல்வார். "வாரணம் பொருத மார்பும்" என்று எடுத்து, மார்பு, தோள், நா, மௌலி, வாள், வீரம் எல்லாவற்றையும் களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழைகிற இராவணனை எங்கள் கண்முன் நடக்க வைத்தார். "இதைவிடவா மேடம் உங்க பைரன்?" என்றார். இல்லைதான். ஆனால் அவரே அடுத்துச் சொன்ன பாட்டைக் கவனித்தேன். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாம் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் அவன் நாணவில்லை, "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்". கம்பன் அவனுக்குக் கொடுத்தது நாணம். நாணத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், சிரிப்பதற்கு ஒரு வாய் வேண்டும். மான்ஃப்ரெட்டோ சிரிக்க ஒருவரும் இல்லாத பனிமலை உச்சியில் நின்றும் தன்னைத் தாங்க முடியாமல் குதிக்கப் போகிறான், மலையாடு வேட்டையாட வந்த ஒருவன் பிடித்து இழுக்கிறான். இரண்டும் பெரிய எழுத்து, ஆனால் இரண்டு வேறு நோய். உங்கள் ஆளுக்கு எது என்று எழுதுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் சிரிக்குமே என்று புழுங்குகிறவன் கூட்டத்தில் கத்துவான். மற்றவன் கூட்டத்தில் நன்றாகவே பேசிவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட பயப்படுவான். பெரியவர் சமாதானம் ஆகவில்லை. கம்பனுக்கு ஒரு மார்க் கூடப் போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு அந்தப் பெண்ணிடம், "அம்மா ஓடிப்போனதை எடுத்துடு. இவன் யாருக்கு என்ன பண்ணான்னு கண்டுபிடிச்சுட்டு வா" என்றேன். அடுத்த வாரம் வந்தாள். எட்டு வருடம் முன்பு, அத்திபெலே தாண்டி ஓசூர் ரோட்டில், ராத்திரி இரண்டு மணி. நாயகன் குடித்துவிட்டு பைக் ஓட்டினான். பின்னால் இருந்த நண்பன் செத்துப்போனான். போலீசிடம் 'அவன்தான் ஓட்டினான்' என்று சொல்லிவிட்டான். ஓசூரில் அந்த நண்பனின் அம்மா, தன் மகன் குடித்துவிட்டு ஓட்டித்தான் செத்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த எங்கள் நர்ஸம்மா நிமிர்ந்தார். "குடிச்சுட்டு ஓட்டினான்னு எழுதினா அந்தம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் பணமும் நின்னு போயிருக்குமே?" பெண் இதை யோசிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். குற்றம் என்றால் இப்படி ரூபாய் பைசாவரை நீங்கள் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மூடி வைப்பது

எங்கள் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுத்தப்பட்டது, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருடம் மூடியே நின்றது. உள்ளே யார் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது அந்தப் பொதியைப் பார்க்காமல் போக முடியாது. இப்போது அதே வழியில் தினமும் போகிறேன், நிமிர்ந்து பார்க்கிறேனா என்றால் சந்தேகம்தான். (வள்ளுவர் பொறுத்துக்கொள்வார், இதைவிடப் பெரியதைப் பொறுத்துக்கொண்டவர்.) வாசகருக்குப் பொதி தெரிய வேண்டும். அதன் உருவமும் லேசாகத் தெரிய வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே ஃபிளாஷ்பேக் போட்டுத் துணியை இழுத்துவிடாதீர்கள். அறுபதாம் அத்தியாயம்வரை இழுத்தடிக்கவும் வேண்டாம். உள்ளே என்ன என்று உங்களுக்கே தெரியாமல் மட்டும் துணியைச் சுற்றாதீர்கள், காற்றடித்தால் வெறும் மூங்கில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நல்ல குணம்

'கார்சேர்' முடியும்போது, கடற்கொள்ளைக்காரன் கான்ராடின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு நற்குணமும் ஆயிரம் குற்றங்களும் என்கிறார் பைரன். நாம் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகப் போடுகிறோம். நாயகன் அநாதை இல்லத்துக்குப் பணம் அனுப்புவான், தெருநாய்க்கு பிஸ்கட் போடுவான், டிரைவர் மகளுக்கு ஃபீஸ் கட்டுவான், பாட்டிக்குக் கால் அமுக்குவான். ஆயிரம் நற்குணம். குற்றம் ஒன்றே ஒன்றுதான்: நாயகியை மட்டும் அடிப்பான்.

கான்ராடின் கதையைப் பாருங்கள். செய்த் பாஷாவின் கோட்டைக்குள் மாறுவேடத்தில் புகுந்து தீ வைக்கிறான். வெற்றி கைக்கு வந்துவிட்டது. அப்போது அந்தப்புரம் எரிகிற சத்தம், பெண்களின் அலறல். அவர்களைக் காப்பாற்றச் சொல்லித் தன் ஆட்களைத் திருப்புகிறான், அந்தத் தாமதத்தில் எதிரி சுதாரித்துக்கொள்கிறான். கான்ராட் பிடிபடுகிறான். காப்பாற்றப்பட்டவர்களில் ஒருத்தி, குல்னார், சிறையில் அவனிடம் கத்தியோடு வருகிறாள். தூங்குகிறவனைக் குத்த மாட்டேன் என்கிறான். அவளே போய்க் குத்திவிட்டு வருகிறாள். அவள் நெற்றியில் ஒரு ரத்தத் துளியைப் பார்த்து, இத்தனை கொலை பார்த்தவன் நடுங்கிப்போகிறான். தப்பித் தன் தீவுக்கு வந்தால், காத்திருந்த மெடோரா செத்துக் கிடக்கிறாள்.

அவனுடைய ஒரே நல்ல குணம்தான் அவன் குடியைக் கெடுக்கிறது. நாய்க்கு பிஸ்கட் போடுவதால் எந்த நாயகனுக்கும் நஷ்டமில்லை, அதனால்தான் அது கதைக்கு உதவாது. நல்ல குணம் என்று ஒன்றைக் கொடுத்தால் அதற்கு அவன் விலை கொடுக்கிற மாதிரி கொடுங்கள்.

எங்கள் பெண் இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். கொண்டுவந்தது இது: நாயகன் மாதம் ஒருமுறை ஓசூர் போய் அந்த அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுப்பான், அவள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடுவான். உலகத்தில் எல்லோரிடமும் பொய் சொல்கிறவன் அவளிடம் மட்டும் பொய் சொல்ல மாட்டான். அவள் இதுவரை அதைக் கேட்டதில்லை. ஒருநாள் கேட்பாள்.

"நாயகி அந்த ஃப்ரெண்டோட தங்கச்சின்னு வச்சிக்கலாமாக்கா?" என்றாள். வச்சிக்கோ என்றேன். தொடர்கதைக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

சோறு யார் போடுவது

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 24 வயதில், மர்ஃபி டவுன் வீட்டில், ஒரு நீளநோட்டு முழுக்க இப்படி ஒருவனை எழுதினேன். மலைமேல் பங்களா, ராத்திரி முழுக்கப் பியானோ, யாரோடும் பேச மாட்டான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே படித்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரிடி, இவனுக்கு யாரு சோறு வடிக்கிறா?"

"வேலைக்காரன் இருக்கான்மா."

"அவனுக்குச் சம்பளம்?"

அப்போது கோபம் வந்தது. பாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் பெரிய எழுத்தாளர்கள் எல்லோரும் அம்மாவின் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் நாயகன் ஒனேகின், சாகக் கிடக்கும் மாமாவின் சொத்துக்காக வண்டியில் போகும்போதுதான் கதையே தொடங்குகிறது. 'ஜேன் அயர்' நாவலின் ராச்செஸ்டர் ஜமைக்காத் தோட்ட முதலாளியின் மகளை முப்பதாயிரம் பவுண்டோடு கட்டிக்கொண்டவன். அவன் வீட்டு மாடியில் பூட்டிக் கிடப்பது அந்தப் பெண்தான். அங்கே பணம் எங்கிருந்து வந்தது என்று இழுத்தால் குற்றம் கூடவே வந்துவிடுகிறது. 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலின் ஹீத்கிளிஃப் மூன்று வருடம் காணாமல்போய்ப் பணக்காரனாகத் திரும்புகிறான், எப்படி என்று எமிலி ப்ராண்டி சொல்லவே இல்லை. அந்த அளவு தைரியம் இருந்தால் நீங்களும் விடலாம்.

பெங்களூரில் எழுதினால் இதற்குத் தப்பிக்கவே முடியாது. பால்கனியில் விடிய விடிய சிகரெட் பிடிக்கிறவன் அந்த வீட்டுக்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்திருப்பான், காலையில் சில்க் போர்டு சிக்னலில் நின்றாக வேண்டும். எங்கள் பெண்ணிடம், கம்பெனிக்கு முதல் பணம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதுக்கா, பி.டி.எம். லேஅவுட்ல ஒரு ரூம்ல." அப்படியானால் செத்தவன் பங்கு? அவள் முகம் மாறியது. அந்த வாரம் மூன்று அத்தியாயம் எழுதினாள்.

தள்ளி நின்று பாருங்கள்

தொழில் நுட்பம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். அவன் மனசுக்குள்ளிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'அவன் இதயம் எரிமலையாய்க் குமுறியது' என்று எழுதியவுடன் எரிமலை அணைந்துவிடும். 'ஜவுர்' கவிதையில் அவனை முதலில் காட்டுவது கரையில் நிற்கும் ஒரு மீனவன். இருட்டில் குதிரையில் பறந்துபோகிற ஒருவனைப் பார்க்கிறான், யாரென்று தெரியாது, முகம் மட்டும் மனதில் நிற்கிறது. 'வுதரிங் ஹைட்ஸ்' பெரும்பாலும் வீட்டு வேலை பார்க்கும் நெல்லியின் வாயில் வருகிற கதை. அவள் குழந்தையைத் தாலாட்டவும் வேண்டும், அடுப்பும் பார்க்க வேண்டும், ஆகவே அவள் மயங்குவதில்லை.

இந்த வித்தையில் கெட்டிக்காரர் ரஷ்ய எழுத்தாளர் லெர்மன்தவ். 1840இல் வந்த 'நம் காலத்து நாயகன்' நாவலில் நாயகன் பெச்சோரினை முதலில் ஒரு வயதான ராணுவக்காரர் பாசத்தோடு விவரிக்கிறார். பிறகு கதைசொல்லியே அவனை நேரில் பார்க்கிறான்: சிரிக்கும்போது அவன் கண்கள் சிரிக்கவில்லை என்று கவனிக்கிறான். பழைய நண்பனைப் பார்க்க அந்தக் கிழவர் மூச்சு வாங்க ஓடிவருகிறார், பெச்சோரின் சாவகாசமாகக் கையை நீட்டிவிட்டு வண்டி ஏறிப் போய்விடுகிறான். அவன் செத்துப்போன செய்தி அடுத்து வருகிறது. அதற்கும் பிறகுதான் அவன் டைரி நம் கைக்கு வருகிறது. டைரியில் அவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும், மூச்சு வாங்க ஓடிவந்த கிழவர் நம் கண்ணைவிட்டுப் போவதில்லை. டைரியை முதலில் வைத்திருந்தால் நாமும் 'உள்ளுக்குள்ள நல்லவன்' என்று சொல்லியிருப்போம்.

வசனம் பற்றி ஒரு வார்த்தை: குறையுங்கள், கவிதை சொல்ல விடாதீர்கள். பைரன் உயிரோடு இருந்தபோதே ஜேன் ஆஸ்டின் இந்த வியாதிக்கு மருந்து எழுதிவிட்டார். 'பெர்ஸுவேஷன்' நாவலில் சோகக் கவிதையாகவே படித்து உருகும் ஒரு கேப்டனிடம் ஆன் எலியட், தினசரி வாசிப்பில் கொஞ்சம் உரைநடையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சர்க்கரைக்காரருக்குக் கேப்பைக்களி சொல்வது மாதிரி.

அவள் எங்கே நிற்கிறாள்

இனி அந்தச் சுவர்க் காட்சி. அவன் மணிக்கட்டைப் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடிப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். அதைப் பார்க்கிறவள் யார் என்பதுதான் கேள்வி.

ஹீத்கிளிஃபோடு ஓடிப்போன இசபெல்லாவை அவளுக்கு எதிரிலேயே அவன் கேலி செய்கிறான்: இவள் என்னைக் காதல்கதை நாயகன் என்று கற்பனை செய்துகொண்டு வந்தாள், வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே இவளுடைய நாய்க்குட்டியை நான் தூக்கில் மாட்டியதைப் பார்த்தாள், அப்படியும் வந்தாள். எமிலி ப்ராண்டி அந்த இடத்தில் நேராக என்னைப் பார்த்துப் பேசுகிறாள் என்று தோன்றும். ஒனேகின் ஊரைவிட்டுப் போன பிறகு தத்யானா அவனுடைய காலி வீட்டுக்குப் போய் அவன் படித்த புத்தகங்களைப் புரட்டுகிறாள். பக்க ஓரங்களில் அவன் நகக்கீறல். சுவரில் பைரனின் படம். படித்துக்கொண்டே போகிறவளுக்கு ஒரு சந்தேகம் வருகிறது: இவன் வெறும் நகல்தானோ? தான் நேசித்த ஆளைப் புத்தகத்தின் ஓரத்தில் வைத்துத் திருத்திப் படிக்கிறாள். காதல் இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான கண்ணை நான் பார்த்ததில்லை.

ஜேன் அயர் கல்யாண மண்டபம்வரை, அதாவது தேவாலயம்வரை, வந்துவிட்டு உண்மை தெரிந்ததும் கையில் கொஞ்சம் சில்லறையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது அவளுக்குச் சொந்தமாக ஐயாயிரம் பவுண்டு இருக்கிறது, அவனுக்குக் கண் தெரியாது, ஒரு கை இல்லை. மன்னித்தாள் என்று நாம் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம், நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறோம். அங்கேயும் மாடியில் பூட்டப்பட்டவளுக்கு வாய் கிடைக்கவில்லை. 1847இல் வந்த நாவல் அது. அவள் பக்கத்துக் கதையை ஜீன் ரைஸ் என்ற கரீபியப் பெண் எழுத 1966 ஆயிற்று. உங்கள் கதையில் மாடியில் யாராவது பூட்டிக் கிடக்கிறார்களா என்று ஒருமுறை சாவியோடு போய்ப் பார்த்துவிடுங்கள். எங்கள் பெண்ணின் கதையில் ஒருத்தி இருந்தாள், எல்லா அத்தியாயத்திலும் காபி மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற அவன் அக்கா.

பதினான்காம் அத்தியாயத்தை அவள் திரும்ப எழுதினாள். மணிக்கட்டைப் பிடிக்கிறான், அதே வசனம் சொல்கிறான். நாயகி, "சரி, இப்ப கையை விடுங்க, பஸ் போயிடும்" என்கிறாள். விடுகிறான். அவ்வளவுதான். அவள் போன பிறகு அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எட்டு வருடம் முன்பு ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை. அதைக் கதை சொல்லவில்லை, நாம் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

முடிவுக்கு வந்தால், பெரும்பாலோர் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாயகியை அழவிடுவார்கள். புஷ்கின் செய்ததைப் பாருங்கள். கல்யாணமாகிவிட்ட தத்யானா ஒனேகினை மறுத்துவிட்டு அறையைவிட்டுப் போகிறாள். அவள் கணவனின் பூட்ஸ் முள் சத்தம் கேட்கிறது. வாசகரே, என் நாயகனை அவனுக்கு மோசமான இந்த நேரத்தில் இப்படியே விட்டுவிடுவோம் என்று புஷ்கின் கிளம்பிவிடுகிறார். நின்றது நின்றபடி.

கடைசியாக ஒரு பயிற்சி, இதைச் செய்யாமல் அடுத்த அத்தியாயம் எழுத உட்காராதீர்கள். உங்கள் நாயகனின் மிக மோசமான ராத்திரியை, அவன் கதை எதுவும் தெரியாத ஒருவர் வாயில் எழுதுங்கள். மெஸ் நடத்துகிறவர், பால் போடுகிறவர், யாராக இருந்தாலும் சரி. இருநூறு வார்த்தைக்குள். 'வலி', 'இருள்', 'இதயம்' மூன்றும் வரக் கூடாது. எங்கள் பெண் தருமபுரிக்கார வாட்ச்மேன் ஒருவரைப் பிடித்தாள்:

"பி பிளாக் 404 சார் நேத்து ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு வந்தாரு. கார் இல்ல. ஓசூர் பஸ்ல எறங்கி நடந்தே வந்தாராம், ஷூவெல்லாம் சேறு. லிஃப்ட் வேலை செய்யுது சார்னேன். படியிலயே உக்காந்துட்டாரு. கையில ஒரு தூக்கு. யாரோ ஒரு அம்மா குடுத்துவுட்டாங்களாம். தொறக்கவே இல்ல. நீங்க சாப்புடுங்கண்ணேன்னு என்கிட்ட நீட்டுனாரு. தயிர்சாதம், ஊறுகாய். நான் சாப்புடறதையே பாத்துட்டு இருந்தாரு. நாலு மணிக்கு கேட்டைத் தொறக்கச் சொன்னாரு. தூக்கைக் கழுவிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டு மறுபடி மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனாரு."

நான் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. நர்ஸம்மாதான், மத்தியானம் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் ராத்திரிக்குள் புளித்திருக்காதா என்று கேட்டார். புளிசாதமாக மாற்றிவிட்டாள்.